சுவரில் மாட்டிய உரிமம் எந்த ஆண்டுடையது?

வணிகப் பெருமக்களே, நம் கனகசெட்டிக்குளம் பெயரிலேயே பொன்னும் இருக்கிறது, செட்டும் இருக்கிறது. புதுச்சேரியின் வடகோடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர் இது. வடக்கே சிறிது தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். நம் கடைகளுக்குச் சாமான் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். அரிசிக்கும் பருப்புக்கும் எல்லைக்கோடு தெரியாது. ஆனால் பணத்தை ஒருவர் கையில் கொடுத்து வைக்கும்போது அந்தக் கோடு தெரிந்தே ஆகவேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த கூலி கொஞ்சம் அதிகம். மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதி நிறுவனத்தில் லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தேன். இருபது பேர், மாதம் ரூ.5,000, இருபது மாதம். மழைக்கு முன் கிடங்குக்குக் கூரை மாற்ற வேண்டும் என்பது என் கணக்கு. சேரும் முன் நானும் விசாரிக்காமல் இல்லை. அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை சாத்திய பதிவுச் சான்று இருந்தது. அரசு முத்திரை இருந்தது. "எல்லாம் சர்க்கார் பதிவு அண்ணே, பயப்படாதீங்க" என்றார் வசூலுக்கு வரும் பையன். போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

பதின்மூன்று மாதம் கட்டினேன். பதினான்காம் மாதம் வசூலுக்கு ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் கதவு பூட்டிக் கிடந்தது. தள்ளுபடி போக ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் கட்டியிருந்தேன். புகார் எழுதிக்கொண்டு சீட்டுப் பதிவாளர் அலுவலகம் போனேன். அங்கிருந்தவர் என் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சீட்டு இங்கே பதிவே ஆகலையே" என்றார். சுவரில் இருந்த சான்றைப் பற்றிச் சொன்னேன். விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. சான்று போலி அல்ல. அது எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பதிவான, எப்போதோ நடந்து முடிந்துபோன வேறொரு சீட்டுக்கு உரியது. செத்தவனின் ஜாதகத்தைக் காட்டி எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள்!

என் பணம் போனதுகூடப் பெரிதில்லை. நான் சேர்ந்திருப்பதைப் பார்த்து, என் கடை வாசலில் பூ விற்கும் அம்மாள் பாதிச் சீட்டு சேர்ந்திருந்தார். "அண்ணாச்சியே கட்டுறாரு, அப்புறம் என்ன" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த அம்மாள் கட்டிய பன்னிரண்டாயிரம் ரூபாயை அரிசியாகவும் எண்ணெயாகவும் கொடுத்து, இரண்டு வருடத்தில் கழித்தேன். மளிகைக்காரன் வாக்கை ஊர் ஒரு ஜாமீனாகவே எடுத்துக்கொள்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

தராசு முத்திரையும் நிதி உரிமமும்

நம் கடையில் உள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். படிக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அப்படிச் சொல்கின்றன. முத்திரை வைத்துவிட்டதால் மட்டும் கடைக்காரர் யோக்கியர் ஆகிவிடுவதில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறை வெளியாள் ஒருவர் வந்து தராசைப் பார்த்திருக்கிறார் என்ற உத்தரவாதம் வாடிக்கையாளருக்கு உண்டு. பழைய முத்திரையைக் காட்டி இந்த ஆண்டு வியாபாரம் செய்தால் அதிகாரி விடுவாரா?

நிதித் தொழிலுக்கும் இதே நியாயம்தான். "உரிமம் இருக்கிறதா?" என்பது அரைக் கேள்வி. "எந்தத் தொழிலுக்கு, எந்த இடத்துக்கு, எந்த ஆண்டுக்கு?" என்பதே முழுக் கேள்வி. அமெரிக்காவில் வீட்டுக் கடன் ஏற்பாடு செய்பவர்களின் உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். நவம்பர் 1 முதல் ஆண்டு முடிவுக்குள் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் எட்டு மணி நேரம் பாடம் படித்திருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த ஏற்பாடு இது. தொழில் செய்யும் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லையோரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

நம் நாட்டில் ஒவ்வொரு வகை நிதித் தொழிலுக்கும் ஒவ்வொரு வழி. அவற்றைத் தனித்தனியே பார்ப்போம்.

சீட்டு நிறுவனம்

மத்திய அரசின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பலரும் நினைப்பதுபோல நிறுவனத்துக்கு ஒருமுறை பதிவு வாங்கிவிட்டால் எல்லாச் சீட்டும் நடத்தலாம் என்பது இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் முதலில் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். பிறகு சீட்டு ஒப்பந்தத்தைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அதன்பின் தொடக்கச் சான்று வாங்க வேண்டும். முன் அனுமதி வாங்கி 12 மாதத்துக்குள் சீட்டைப் பதியாவிட்டால், கூடுதல் அவகாசம் பெற்றாலொழிய, அந்த அனுமதி காலாவதியாகிவிடும். சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை நடத்துபவர் வங்கியில் பிணைவைப்பாகப் போட்டு, அதைப் பதிவாளர் பேருக்கு ஒப்படைக்க வேண்டும். லட்ச ரூபாய்ச் சீட்டு என்றால் லட்ச ரூபாய் பிணை. சீட்டு முடிந்து எல்லாருடைய பாக்கியும் தீர்ந்த பிறகே அது திரும்பக் கிடைக்கும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கையும் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.

பதிவில்லாத சீட்டை ஏன் நடத்துகிறார்கள் என்பதற்கு விடை இந்தப் பிணைவைப்பில் இருக்கிறது. ஒரு சீட்டைப் பதிந்துவிட்டுப் பத்துச் சீட்டு நடத்தினால் ஒன்பது பிணைவைப்பு மிச்சம். சுவரில் இருப்பதோ உண்மையான சான்று. என் விஷயத்தில் நடந்தது இதுதான்.

கணக்கையும் பார்ப்போம். இருபது பேர், ரூ.5,000 வீதம், ஒரு லட்சம். ஒருவர் ரூ.30,000 தள்ளி ஏலம் எடுக்கிறார் என்றால் அவர் கைக்கு ரூ.70,000 வரும். தள்ளிய முப்பதாயிரத்தில் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது ரூ.5,000 போக, மீதி ரூ.25,000 இருபது பேருக்கும் பங்காகும். ஆளுக்கு ரூ.1,250. ஆகவே அந்தக் கணக்கில் ரூ.3,750 கட்டினால் போதும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கமிஷன் உச்சவரம்பு 5லிருந்து 7 சதவீதமாக உயர்ந்தது. தனிநபர் நடத்தும் சீட்டுகளின் உச்சவரம்பு ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.3 லட்சமாகவும், நான்கு பங்குதாரர்களுக்குக் குறையாத கூட்டு நிறுவனங்களுக்கு ரூ.6 லட்சத்திலிருந்து ரூ.18 லட்சமாகவும் உயர்ந்தன. இதற்கு மேல் கமிஷன் எடுப்பவரும், "ஏலமே வேண்டாம், கட்டினால் இத்தனை சதவீதம் நிச்சய லாபம்" என்பவரும் நடத்துவது சீட்டு அல்ல. வேறு ஏதோ ஒன்று.

இடமும் முக்கியம். சீட்டு எந்த அரசின் எல்லைக்குள் நடத்தப்படுகிறதோ அந்த அரசின் அனுமதி வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சட்டம் வெகுகாலம் ஜம்மு காஷ்மீருக்குப் பொருந்தாமல் இருந்தது. அதைப் பயன்படுத்தி, தென்னாட்டில் வசூலித்த சீட்டுகள் சில அங்கே போய்ப் பதிவான காலமும் உண்டு. காஷ்மீர்ப் பதிவை வைத்துக்கொண்டு கனகசெட்டிக்குளத்து மளிகைக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? முறையாகப் பதிவான சீட்டில் தகராறு வந்தால் உள்ளூர்ப் பதிவாளரே நடுவராக இருந்து தீர்ப்பார் என்பது சட்டம் தரும் பெரிய வசதி. பதிவாகாத சீட்டில் அந்த வாசல் நமக்குத் திறக்காது.

அடகுக் கடையும் வட்டிக் கடையும்

இங்கேதான் ஆண்டுப் புதுப்பிப்பு நேரடியாக வருகிறது. தமிழ்நாட்டில் 1943ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டமும் 1957ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. உரிமம் வழங்குபவர் வட்டாட்சியர். கடன் கொடுப்போர் உரிமத்துக்கு மார்ச் 31 என்பது கெடு. புதுக் கணக்குப் போடுவதற்குள் உரிமத்தையும் புதுப்பித்தாக வேண்டும். உரிமம் குறிப்பிட்ட ஆளுக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும் உரியது. ஒரு கடைக்கு வாங்கியதைக் காட்டி இன்னொரு கடை நடத்தக்கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கியது இந்தப் பக்கம் செல்லாது.

சரக்கு எடுக்கப் பணம் முடையாகும்போது நம்மில் பலரும் வீட்டு நகையை எடுத்துக்கொண்டு போகிறோம். அடகுச் சீட்டில் கடையின் பெயர், உரிம எண், பொருளின் எடை, கடன் தொகை, வட்டி விகிதம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓராண்டு ஏழு நாள் என்ற மீட்புக் கெடு பல சீட்டுகளில் அச்சிட்டே இருக்கும். அந்தக் கெடுவுக்குள் கடைக்காரரின் உரிமமே காலாவதியாகி, கடையும் இடம் மாறிவிட்டால் நகைக்கு எங்கே போவது? துண்டுக் காகிதத்தில் எழுதித் தருபவரிடம் தாலிக்கொடியை ஒப்படைக்கக்கூடாது.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி, நாள் வட்டி ஆகியவை தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. இவற்றுக்கு உரிமம் என்ற பேச்சே இல்லை. காலையில் கல்லாவைத் திறக்கும் முன் தண்டல்காரர் வாசலில் நிற்கும் கடைகள் இன்னமும் இருக்கின்றன என்பது நாம் அறியாததா?

பைனான்ஸ் கம்பெனி

இதில் ஒரு தலைமுறையே சூடு பட்டிருக்கிறது. 1997க்கு முன் கூட்டு வியாபாரமாக பைனான்ஸ் நடத்துபவர்கள் ஒரு பங்குதாரருக்கு 25 பேர், மொத்தம் 250 பேர் என்ற அளவுக்குள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கிச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அளவு நிரம்பியதும் வேறு பெயரில் இன்னொரு பைனான்ஸ். இப்படி ஒரே வாசலில் நான்கு பலகை தொங்கியதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். 24 சதவீதம், 36 சதவீதம் என்று ஆசை காட்டினார்கள். ஒன்று சாய்ந்ததும் வரிசையாகச் சாய்ந்தன. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் தனிநபரும் கூட்டு நிறுவனமும் நிதித் தொழிலுக்காக வெளியாரிடம் டெபாசிட் வாங்குவதே தடை செய்யப்பட்டது. உறவினரிடம் வாங்கும் கடனுக்கு மட்டும் விலக்கு. ஆகவே "பார்ட்னர்ஷிப் பைனான்ஸ், டெபாசிட் வாங்குகிறோம்" என்று இன்று யாராவது சொன்னால் உரிமம் கேட்கவே வேண்டாம். அப்படி ஓர் உரிமம் கிடையாது.

கம்பெனியாக நடத்தினால் 1997 முதல் ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்று கட்டாயம். அன்று சொந்த நிதி ரூ.25 லட்சம் இருந்தால் போதும். 1999 ஏப்ரலுக்குப் பின் வந்த புதியவர்களுக்கு ரூ.2 கோடி ஆனது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி கடன் தரும் கம்பெனிகளுக்கு ரூ.10 கோடி. பழைய கம்பெனிகள் 2025 மார்ச்சுக்குள் ரூ.5 கோடி, 2027 மார்ச்சுக்குள் ரூ.10 கோடி என்று படிப்படியாக எட்ட வேண்டும் என்று தவணை கொடுத்தார்கள்.

இந்தச் சான்று கடன் கொடுப்போர் உரிமம் போல ஆண்டுதோறும் புதுப்பிப்பது அல்ல. ஆனால் ஆண்டுதோறும் மார்ச் 31 நிலவரப்படி "இந்தக் கம்பெனி இன்னமும் இந்தத் தொழிலைச் செய்யத் தகுதியோடு இருக்கிறது" என்று தணிக்கையாளர் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களின், தகுதி இழந்தவர்களின் பதிவை ரிசர்வ் வங்கி ரத்து செய்துவிடும். எனவே இங்கேயும் பழைய சான்றின் நகலை நம்பிப் பயனில்லை. அந்தப் பெயர் இன்றைய பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொன்று. கடன் கொடுக்கப் பதிவு இருப்பதும் டெபாசிட் வாங்க அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்க மட்டுமே அனுமதி. டெபாசிட் வாங்க அனுமதி உள்ளவையும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. வங்கி டெபாசிட்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் அது ஒரு லட்சத்திலிருந்து உயர்ந்தது. பைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு இல்லை. நிதி என்ற பெயரில் இயங்கும் உறுப்பினர் நிறுவனங்கள் நம் நாட்டுப் பழைய ஏற்பாடு. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் 1872இல் தொடங்கியது. அவற்றுக்கு 2014ஆம் ஆண்டு விதிகள் உண்டு. உறுப்பினர்களிடம் மட்டுமே கொடுக்கல் வாங்கல் செய்யலாம், சீட்டு நடத்தக்கூடாது.

பணம் போன பிறகு

1906இல் சென்னையில் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்தபோது வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் ஏராளம். மறு ஆண்டே இந்தியன் வங்கி தோன்ற அதுவும் ஒரு தூண்டுதல். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று சட்டத்துக்குக் குறைவில்லை. முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாடு 1997இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. புதுச்சேரி 2004இல் கொண்டுவந்தது. இவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 2011இல் பாஸ்கரன் வழக்கிலும், புதுச்சேரிச் சட்டம் செல்லும் என்று 2012இல் நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை வழக்கிலும் தீர்ப்பானது. 2019இல் நாடு முழுவதற்கும் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சொத்தை முடக்கி, விற்று, கட்டியவர்களுக்குப் பங்கிட வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி நீளமானது. முடக்க, ஏலம் விட, பங்கிட என்று ஆண்டுகள் ஓடும். கிடைப்பதும் முழுதாகக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவதே மேல்.

நம் கடைத் தீபாவளிச் சீட்டு

பிறர் குற்றத்தை மட்டும் பேசிவிட்டுப் போவது முறையல்ல. நம்மில் பலர் தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு என்று மாதாமாதம் பணம் வாங்கி, பண்டிகைக்கு மளிகையும் பலகாரமும் தருகிறோம். வியாபாரத்தில் சரக்குக்காக வாங்கும் முன்பணம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டெபாசிட் ஆகாது. ஆனால் சரக்குத் தர முடியாமல் பணத்தைத் திருப்ப வேண்டிய நிலை வந்து, அந்தத் தேதியிலிருந்து 15 நாள் கடந்துவிட்டால் அதுவே டெபாசிட்டாகக் கருதப்படும். சரக்குக்குப் பதில் வட்டியோடு ரொக்கம் தருகிறேன் என்று சொன்னால் அது முதல் நாளே வேறு கணக்கு. அனுமதியில்லாத டெபாசிட் வாங்கினால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. கம்பெனிகளுக்கான 2014ஆம் ஆண்டு விதிகளில் சரக்கு முன்பணத்துக்கு 365 நாள் கெடு. நகைக் கடைகள் பதினோரு மாதத் திட்டம் போடுவதன் காரணமும் அதுதான். நாமும் ஓராண்டுக்குள் முடியும்படி, சரக்காகவே கொடுக்கும்படி, அட்டையில் அதை எழுதிக் கொடுத்து நடத்துவது நல்லது. சந்தேகம் இருந்தால் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரலில் ஒரு நாள்

ஆண்டுதோறும் ஏப்ரலில் புதுக் கணக்கு போடுகிறோம். அன்றைக்கே கீழ்க்கண்டவற்றையும் பார்த்துவிடலாம்.

1. பணம் கட்டிவரும் சீட்டின் பதிவு எண்ணும் தொடக்கச் சான்றும் நம் சீட்டுக்கே உரியவையா? நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பதிவாளர் அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

2. பதிவு புதுச்சேரியிலா, தமிழ்நாட்டிலா? நாம் பணம் கட்டும் இடமும் அதுவும் ஒன்றுதானா?

3. விளம்பர நோட்டீசில் முன் அனுமதி பெற்ற விவரம் இருக்கிறதா? அது இல்லாமல் சீட்டுக்கு ஆள் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

4. அடகுக் கடை உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா? பெயரும் கதவு எண்ணும் பொருந்துகின்றனவா?

5. பைனான்ஸ் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா? டெபாசிட் வாங்க அனுமதி உண்டா? ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய 'சசேத்' இணையதளத்தில் நம் பிள்ளைகள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புகாரையும் அதிலேயே கொடுக்கலாம்.

6. நம் கடையின் சொந்த உரிமங்கள், தராசு முத்திரை ஆகியவற்றின் கெடு எப்போது? நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகவே சிவப்பு மையால் குறித்து வைக்கலாம்.

கேட்டால் கோபிப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்பவர் புதுப்பித்த உரிமத்தை எடுத்து நீட்டுவார். பிணைவைப்புப் போட்டு, கணக்குத் தணிக்கை செய்து, கட்டணம் கட்டிப் புதுப்பிக்கும் நல்ல நிறுவனங்கள் எத்தனையோ உண்டு. நாம் கேட்காமல் விடுவதால் அவர்களுக்கும்தான் நஷ்டம். செலவு செய்து ஒழுங்காக நடப்பவரும், எதுவும் செய்யாமல் மாலை மட்டும் சாத்துபவரும் நம் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகிறார்கள்.

பூக்கார அம்மாள் இன்னமும் என் கடை வாசலில்தான் இருக்கிறார். போன மாதம் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல சேரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பதிவு எண்ணைத் தேடினேன். இல்லை. "வேண்டாம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் தகுதி எனக்கு ஐம்பதாயிரம் ரூபாய் செலவில் வந்தது. உங்களுக்கு இந்த இதழின் விலையிலேயே வரட்டும்.